எண்ணூறுக்கு அறுநூறு

கட்டளையைத் தட்டி என்டரை அழுத்தியதும் திரை ஒருமுறை நெளிந்தது. பிறகு கறுத்துப் போனது.

டிகிரி காத்திருந்தார். வழக்கமாகக் கண்மூடித் திறப்பதற்குள் பெரிய எழுத்துகளோடு திரும்பி வந்துவிடும். இன்று வரவில்லை. மவுஸை அசைத்தார். சின்னப் பெட்டி ஒன்று முளைத்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். படித்துத் தெரிந்துகொண்டதல்ல, அப்படித்தான் எழுதியிருக்க முடியும்.

அந்தக் கம்ப்யூட்டர் அவர் மேசையில் இல்லை. ஊருக்கு வெளியே, மருந்துக் கிடங்கில், ஓர் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. கிடங்கின் ஆறு குளிர் அறைகளிலும் எத்தனை டிகிரி என்று சென்சார்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பது அதன் வேலை. லினக்ஸ் மெஷின். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது, சத்தம் போட ஸ்பீக்கரும் கிடையாது. தலையில்லாத அதற்கு ஆபீசில் முண்டம் என்று பெயர். "முண்டம் என்ன சொல்லுது?" என்று மேனேஜர் மேடமே கேட்பார். ஊருக்குள் இருந்த ஆபீசின் மாடியறையில் உட்கார்ந்து, தன் மேசைக் கம்ப்யூட்டர் வழியாக முண்டத்தின் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது டிகிரியின் வேலை. அவர் காலையில் பார்ப்பார். மதியத்துக்கு ஓர் அக்கா வருவார், ராத்திரிக்கு வேறொருவர். மூன்று பேருக்கும் ஒரே திரைதான். ஒருவர் அதன் அளவை மாற்றிவிட்டுப் போனால் அடுத்தவர் கண்ணில் முதலில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.

டிகிரி வேலைக்குச் சேர்ந்தபோது சென்சார் எதுவும் இல்லை. தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு, டார்ச்சும் கையுமாக அறை அறையாகப் போய் வட்ட மீட்டர்களில் டிகிரி பார்த்துவிட்டு வருவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவருக்கு அந்தப் பெயரை வைத்ததில் கொஞ்சம் குசும்பும் இருந்தது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. பிறகு கம்பி இழுத்தார்கள், சென்சார் வைத்தார்கள், மீட்டர் பார்த்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் என்று மேடம் சொன்னதால்தான்.

அந்தக் கண்தான் இப்போது போய்க்கொண்டிருந்தது.

முதலில் கண்ணாடியில் கட்டைவிரல் ரேகை பதிந்த மாதிரி ஓர் அழுக்கு. துடைத்தார். சட்டையில், கர்சீப்பில், சோப்புப் போட்டு. அழுக்கு கண்ணாடியில் இல்லை. நேராகப் பார்க்கிற இடத்தில் மட்டும் கலங்கல், சுற்றிலும் எல்லாம் துப்புரவாகத் தெரியும். எதிரே இருப்பவரைப் பார்த்தால் காது தெரியும், தோள் தெரியும், மூக்கு இருக்காது. அவருடைய பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவர் கடைசிப் பத்து வருஷமும் ஒரு நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாராவது உள்ளே வந்தால் தலையைக் கோழி மாதிரி சாய்த்து, "யாரது?" என்பார். டிகிரி டாக்டரிடம் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார்கள்.

வீட்டில் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். மனைவி தையல் கடை வைத்திருந்தாள். ஒருநாள் நூல் கோக்கச் சொல்லி ஊசியைக் கொடுத்தாள்.

"என்னங்க, ஊசியோட என்ன அவ்வளவு நேரம் பேச்சு? பொண்ணு கேக்கறீங்களா?"

"மட்டமான நூல். பிரிஞ்சு பிரிஞ்சு போகுது."

அவள் ஊசியை வாங்கி ஒரே குத்தில் கோத்தாள். பிறகு அவரைக் கொஞ்சநேரம் பார்த்தபடி இருந்தாள். அந்தப் பார்வை எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆபீசில் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். முண்டத்தின் திரை அளவைக் குறைத்தால் எழுத்து பெரிதாகும். முழு அளவு ஆயிரத்து முந்நூற்று அறுபத்தாறுக்கு எழுநூற்று அறுபத்தெட்டு. அதை ஆயிரத்து இருபத்து நான்காக்கினார். சில மாதம் ஓடியது. பிறகு எண்ணூறுக்கு அறுநூறு. கட்டளை ஒரே வரி. கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிற சிஸ்டம்காரர் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதைப் போன் நம்பர் மாதிரி நெட்டுருப் போட்டு வைத்திருந்தார்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. எண்களைக் காட்டும் ஜன்னல் சுருங்காது. திரை சுருங்கச் சுருங்க ஜன்னலின் வலது ஓரமும் அடிப்பக்கமும் வெளியே போய்விடும். வலது ஓரத்தில் கம்பெனி முத்திரை, அது போனால் போகட்டும். அடியில் ஒரு பட்டை இருந்தது. ஏதாவது கோளாறு என்றால் அதில் சிவப்பாக ஒரு வரி வரும். முதலில் அடிக்கடி பழைய அளவுக்குப் போய்ப் பட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் டீ குடிக்கும்போது மட்டும். அப்புறம், மதிய ஷிப்ட் அக்கா வருவதற்கு முன் திரையைப் பழையபடி ஆக்குகிற அந்த ஒரு தடவை மட்டும். எண்கள் மேலே குண்டு குண்டாகத் தெரிகின்றன, எண் சரியாக இருக்கும்போது பட்டையில் என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டார்.

இன்று எண்ணூறுக்கு அறுநூறும் போதவில்லை. இரண்டாம் அறையில் இருப்பது மூன்றா ஐந்தா என்று பிடிபடவில்லை. இன்னும் ஒரு படி கீழே இறங்கினார். அதில்தான் கறுத்துப் போனது.

சிஸ்டம்காரருக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்கண்ணே."

"தம்பி, முண்டம் கறுத்துப் போச்சு."

"கறுத்துப் போச்சா, செத்துப் போச்சா?"

"படம்தான் வரல. கட்டளை அடிக்கிற ஜன்னல் வருது."

"அப்ப உயிர் இருக்கு. திரை அளவுல கை வச்சீங்களா?"

"கை பட்டுடுச்சு."

"கை பட்டு அவ்வளவு பெரிய வரி விழுந்துச்சுன்னா அந்தக் கையை எங்கிட்ட அனுப்புங்க, நான் வேலை போட்டுத் தரேன்." சிரித்தார். "அண்ணே, தலை இருக்கிற மெஷின்னா தனக்கு எந்த அளவு தோதுன்னு அதுவே சொல்லிடும். இதுக்கு நாம பொய்த்தலை ஒண்ணு சொருகி வச்சிருக்கோம். அந்தப் பொய்த்தலைக்குப் பிடிக்காத அளவைக் கேட்டா முழிக்கும். நான் சொல்றதை அடிங்க. ஒரு பட்டியல் வரும். இப்ப ஓடுற அளவு பக்கத்துல ஒரு நட்சத்திரம் இருக்கும், அது எந்த வரின்னு சொல்லுங்க."

அடித்தார். பட்டியல் வந்தது. சாம்பல் நிறத்தில் எறும்பு வரிசை. நட்சத்திரம் இருக்கும் என்று நினைத்த இடத்தைப் பார்த்தால் அங்கே கலங்கல். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஏதோ இருக்கிற மாதிரி இருந்தது. திரும்பி நேராகப் பார்த்தால் இல்லை. தன் தலை கோழி மாதிரி சாய்ந்திருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். சட்டென்று நிமிர்ந்தார். அறையில் ஈ காக்கா இல்லை. ஆனாலும் காது சுட்டது.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இரு, இருமல்."

போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் போட்டோ எடுத்தார். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினார். நட்சத்திரம் கடைசி வரியில் இருந்தது.

"கடைசியில இருக்கு."

"அதான். முதல் வரியில இருக்கிற அளவைப் போட்டு அடிங்க, வந்துடும்."

அதை அவர் விரல்கள் தினமும் மதியம் அடிக்கின்றன. திரை நெளிந்து, வந்தது.

"வந்துச்சா?"

"வந்துடுச்சு."

"இனிமே அந்தக் கையைப் பாக்கெட்ல வச்சுக்குங்கண்ணே."

போனை வைத்துவிட்டு மூச்சு விட்டார். திரையின் அடியில் சிவப்பு.

எழுத்து தெரியவில்லை. சிவப்புத் தெரிந்தது. முதலில் எடுத்த போட்டோ ஆடிப்போயிருந்தது. இரண்டாவது தடவை மூச்சை அடக்கி எடுத்தார். ஐந்தாம் அறை சென்சாரிடமிருந்து பதில் இல்லை என்று இருந்தது. பக்கத்தில் நேரம். காலையில் அவர் வந்து உட்கார்ந்து, திரையைச் சுருக்கிய சற்று நேரத்தில் வந்திருந்தது.

சென்சார் செத்தால் அந்த அறையின் எண் மறைந்துவிடாது. கடைசியாகச் சொன்ன எண் அப்படியே நிற்கும். ஐந்தாம் அறை நாலு புள்ளி ஒன்று. மற்ற அறைகளின் எண்கள் ஒரு புள்ளி கூடி, ஒரு புள்ளி குறைந்து, மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஐந்து மட்டும் காலையிலிருந்து மூச்சு விடவில்லை. அதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஐந்தாம் அறை இன்று ஒழுங்காக இருக்கிறது என்று மனதில் ஒரு சபாஷ்கூடப் போட்டிருந்தார்.

கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவருக்குப் போன் போட்டார். கொளுத்தும் வெயிலிலும் கழற்றாமல் போட்டிருப்பதால் அவருக்கு ஸ்வெட்டர் என்று பெயர்.

"யோவ் ஸ்வெட்டர், அஞ்சாம் ரூமுக்குள்ள போ. கையில தெர்மாமீட்டர் எடுத்துக்கோ."

"ஏன், முண்டம் சொல்ற கணக்கு உனக்குப் பத்தலையா?"

"போய்யா."

செருப்புச் சத்தம். சாவிக்கொத்து. தடித்த கதவு ரப்பரிலிருந்து பிய்த்துக்கொண்டு திறக்கும் சத்தம். அடுத்து விசிறியின் இரைச்சல் வர வேண்டும். குளிர் அறையைத் திறந்தால் போனில் பேச்சே கேட்காது. டிகிரி போனைக் காதோடு அழுத்தினார். ஸ்வெட்டர் மூக்கை உறிஞ்சுவது துல்லியமாகக் கேட்டது.

"என்னய்யா, உள்ள கம்முனு இருக்கு?"

"எவ்வளவு காட்டுது?"

"இரு, ஏறுது. பதினொண்ணு. பதினொண்ணரை."

இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. ஐந்தாம் அறையில் இருந்தது குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பூசி மருந்து. பால் கெட்டால் திரியும், நாறும். இது கெட்டாலும் தண்ணீர் மாதிரியே இருக்கும். சிரிஞ்சில் ஏறும். குழந்தை அழும். அம்மா முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு, நல்லபடியாகப் போட்டாயிற்று என்று வீட்டுக்குத் தூக்கிப் போவாள்.

"சுவிட்ச் கீழ விழுந்து கிடக்குய்யா," என்றார் ஸ்வெட்டர். "ஃபேனுக்கும் சென்சாருக்கும் ஒரே சுவிட்ச்தானே. தூக்கி விட்டுட்டேன். கேக்குதா?"

இரைச்சல் கேட்டது.

"காலைல அஞ்சுல இருந்து பெட்டி போச்சா?"

"வேன் போச்சே. டீக்கு அப்புறம் நான்தான் ஏத்தினேன்."

"அப்ப உள்ள சூடாத் தெரியலையா உனக்கு?"

"நான் ஸ்வெட்டர் போட்டவன்யா. எனக்கு எல்லா ரூமும் ஒண்ணுதான்." குரலைத் தணித்தார். "கொஞ்ச நேரத்துல நாலுக்கு வந்துடும். நீ பாத்தே, நான் தூக்கி விட்டேன். இதுல மேடத்துக்கு என்ன சொல்லக் கெடக்கு?"

டிகிரி போனை வைத்தார்.

திரையில் ஐந்தாம் அறைக்கு உயிர் வந்திருந்தது. போட்டோ எடுத்துப் பார்த்தார். பதினொன்று புள்ளி இரண்டு. இன்னொன்று எடுத்தார். பத்து புள்ளி ஒன்பது. இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு வரிக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் வரி போய்விடும். அது எங்கே என்று கைக்குத் தெரியும். மதிய ஷிப்ட் அக்கா வரும்போது எட்டுக்குக் கீழே வந்திருக்கும். திரை முழு அளவில் இருக்கும். ஒரு குறை சொல்ல முடியாது. வேன் போய்க்கொண்டிருக்கும். நாளைக்கு அவர் மறுபடியும் இந்த நாற்காலியில் உட்காருவார்.

கையை மவுஸிலிருந்து எடுத்தார். மேடத்துக்குப் போன் போட்டார். மணி அடிக்க அடிக்க, எடுக்காமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

"சொல்லுங்க டிகிரி."

"மேடம், அஞ்சாம் ரூம் காலைலயிருந்து சூடாயிருக்கு. பதினொண்ணரை வரைக்கும் போயிருக்கு. வேன் கிளம்பிடுச்சு. அதை நிறுத்தணும்."

"காலைலயிருந்தா? நீங்க அங்கதானே இருக்கீங்க?"

"இருக்கேன்."

"சிவப்பு வரலையா?"

"வந்துச்சு மேடம். நான் பாக்கல."

"நீங்களா பாக்கல?"

மேடம் கோபப்பட்டுக் கேட்டிருந்தால் பரவாயில்லை. நம்ப முடியாமல் கேட்டார்.

"எழுத்து பெரிசாத் தெரியணும்னு திரையைச் சுருக்கி வச்சிருந்தேன். அப்படி வச்சா அடிப்பட்டை வெளிய போயிடும். எனக்குக் கண்ணு நடுவுல தெரியல."

அவர் அதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

"டிரைவர் நம்பர் சொல்லுங்க."

சொன்னார். இப்போதெல்லாம் எல்லா நம்பரும் மனப்பாடம்தான்.

"போனை வைங்க. அங்க எதையும் தொடாதீங்க."

எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே சுவர் இருந்தது.

மறுநாள் டிகிரி வேலைக்குப் போகவில்லை. வர வேண்டாம் என்று மேடம் சொல்லியிருந்தார். வேன் முதல் நாள் சாயங்காலம் திரும்பிவிட்டது. இரண்டு கிளினிக்குகளில் இறக்கிய பெட்டிகளையும் எடுத்து வந்துவிட்டார்கள். அதில் ஒன்று பிரிக்கப்பட்டிருந்தது. ஐந்தாம் அறையைக் காலி செய்து, சரக்கு முழுவதையும் அழிப்பதற்காகத் தனியே வைத்தார்கள். முண்டத்தின் திரை அளவை யாரும் மாற்ற முடியாதபடி சிஸ்டம்காரர் பூட்டிவிட்டார். காலை ஷிப்டை மதிய ஷிப்ட் அக்கா சேர்த்துப் பார்த்தார்.

மனைவி கடையைத் திறக்காமல் அவரோடு கண் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். நடுவில் மேடம் போனில் கூப்பிட்டார். மனைவிதான் பேசினாள். பிரித்த பெட்டியிலிருந்து நான்கு குழந்தைகளுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், மூன்று பேரின் வீடு தெரிந்துவிட்டது, நான்காவது குழந்தையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றாராம். வேலையைப் பற்றித் திங்கட்கிழமை பேசலாம் என்றும் சொன்னாராம்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து போனார்கள்.