முன்சக்கரம் இழுக்கும் காரில் நமுனுகுலவிலிருந்து பதுளைக்கு: மேட்டு முந்நூறு மீட்டர்

போன கார்த்திகை மழையிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். நமுனுகுல பக்கத்தில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து மேல் ரோட்டுக்கு 1.8 கிலோமீட்டர், அங்கிருந்து பசறைக்கு 14, பசறையிலிருந்து பதுளைக்கு 18. அம்மாவுக்கு இரத்தம் சுத்தம் செய்ய நாலு மணி நேரம் ஆகும். முன்பு நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, எஞ்ஜின் பலத்தைக் கூட்டிய சின்னக் காரை இந்த மாதிரி ரோட்டில் வழுக்காமல் எப்படி ஏற்றுகிறீர்கள் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதைச் சொல்ல முதல் நாள் பயணத்தை எழுதினால்தான் சரியாக இருக்கும்.

கார் அண்ணனுடையது. அண்ணன் சசி பசறையில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். பழைய ஜப்பான் கார், அஞ்சு கதவு, முன்சக்கரம் இரண்டும்தான் இழுக்கும். மூன்று வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பெரிய டர்போ போட்டான், ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தினான், அகலமான டயர் மாட்டினான். அந்த டயரில் கோடே கிடையாது என்று சொல்லலாம், காய்ந்த தார் ரோட்டுக்கானது. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள். வாகனங்களைப் பற்றி ஆங்கிலத்தில் இருப்பதை போனில் மொழிபெயர்த்து, ஒரு கொப்பியில் எழுதி அண்ணனுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. அவனுக்குத் தேவையில்லை என்று நினைத்ததை வாசிக்காமல் விட்டும் இருக்கிறேன்.

அன்று காலை 8.20க்கு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மேல் குளவி கிளம்பியது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அம்மா கூடையோடு மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்தபோது முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற செல்வி அக்கா தலையிலிருந்து மட்டும் முப்பதுக்கு மேல் முள்ளை எடுத்தார். தோட்டத்து லொறி உரம் ஏற்றப் போயிருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், அது வேறு நோயாளியோடு பதுளைக்குப் போயிருந்தது. அண்ணனுக்கு அன்று லீவு. 8.45க்கு அம்மாவைக் காரில் ஏற்றினோம். பின் சீட்டில் அம்மாவின் தலை செல்வி அக்கா மடியில், கால் என் மடியில்.

முதல் ஒன்றரை கிலோமீட்டர் பிரச்சினை இல்லை. கடைசி முந்நூறு மீட்டர்தான் மேடு. எங்கள் ரோட்டுக்குக் கல் போட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது, மழை பெய்தால் செம்மண் சவர்க்காரம் மாதிரி ஆகிவிடும். 8.52க்கு முன்சக்கரம் சுற்றத் தொடங்கியது. அண்ணன் மெதுவாக மிதித்தாலும் டர்போ வந்து சேரும்போது பலம் ஒரே தட்டாகத்தான் வரும். சக்கரம் சுற்றுகிறது, வண்டி பக்கவாட்டில் நகர்கிறது, மேலே போகவில்லை. பத்தடி ஏறினால் பதினைந்தடி பின்னால் வழுக்கியது.

சத்தம் கேட்டு மலையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள், அவர்களுடைய காலும் வழுக்கியது. முத்தையா கங்காணி எங்களுக்கு மாமா முறை. அவர் வந்து பார்த்ததும் சொன்னார்:

"பின்னுக்குப் பாரத்தப் போடுங்கடா. லொறிக்கு என்ன செய்வோமோ அதச் செய்யுங்க."

எங்கள் தோட்டத்தில் லொறி வழுக்கினால் இதுதான் வழக்கம். பின்பக்கம் உர மூட்டையை ஏற்றுவோம், ஆட்கள் பின்பலகையில் தொங்குவார்கள், லொறி ஏறிவிடும். நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் தவறியதில்லை. ஆகவே யாரும் யோசிக்கவில்லை. ரோட்டோரக் கொட்டிலில் இருந்த ஐம்பது கிலோ மூட்டை இரண்டைத் தூக்கிவந்து டிக்கியில் போட்டார்கள். அது போதாதென்று பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள்.

லொறிக்குப் பின்சக்கரம்தான் தள்ளும். எங்கள் காருக்கு முன்சக்கரம் இழுக்கிறது. பின்னால் பாரம் ஏற ஏற முன்பக்கம் தூக்கும், இருந்த பிடியும் போய்விடும். இது எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட காரைச் சறுக்கும் மேட்டில் திருப்பி ரிவர்ஸில் ஏற்ற வேண்டும் என்றும் தெரியும், ஏனென்றால் பனி விழுகிற நாட்டு ஆள் ஒருவர் எழுதியிருந்ததை நான்தான் மொழிபெயர்த்தேன். நம் ஊரில் பனி இல்லையே என்று அண்ணனுக்கு வாசிக்காமல் விட்டது அதைத்தான்.

முதல் மூட்டையைத் தூக்கும்போதே எனக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே பதினைந்து ஆம்பிளைகள் நின்றார்கள், எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாததா, நான் வாசித்தது தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன்.

"பதுளை டவுன்ல உறுமுற காரு, நம்ம ரோட்டுக்கு வந்தா முனகுது பாரு" என்று பின்கதவில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டே மேலே போய்விடலாமா என்று செல்வி அக்கா கேட்டார். மேலே போனால் ஏற்றுவதற்கு வண்டி ஏது என்றார்கள். இன்னொரு மூட்டையும் வந்தது. டயர் எரிகிற வாசம் காருக்குள் நிறைந்தது. அம்மா இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு என் கையைத் தேடிப் பிடித்து, "மூச்சு முட்டுது பாப்பா" என்றாள்.

நான் இறங்கி, சுற்றிக்கொண்டு அண்ணன் பக்கத்து ஜன்னலுக்குப் போனேன். மணி 9.24.

"அண்ணே, மூட்டைய எறக்கச் சொல்லு. கீழ திருப்பிட்டு வந்து ரிவர்ஸ்ல ஏத்துண்ணே."

"ரிவர்ஸ்லயா? இந்தப் புள்ள என்னா பேசுது" என்றார் கங்காணி மாமா.

அண்ணன் மட்டும், "ஏன்?" என்று கேட்டான்.

"முன்சக்கரந்தானே இழுக்குது. ஏறும்போது பாரம் கீழ்ப்பக்கம்தான் சாயும். எஞ்ஜின் பக்கம் கீழ இருந்தா சக்கரம் மண்ணக் கடிக்கும்."

அண்ணன் ஸ்டியரிங்கில் ஒரு அடி அடித்தான். மூட்டைகளை இறக்கினார்கள். கீழே கொழுந்து நிறுக்கும் இடத்தில் வண்டியைத் திருப்பினான். பின்கதவில் தொங்கிய இரண்டு பேரையும் பானட்டில் ஏறி உட்காரச் சொன்னான், ரிவர்ஸில் போகும்போது முன்னால் பார்க்கத் தேவையில்லையே. ஆக்சிலேட்டரை மிதிக்கவே இல்லை, கிளட்சிலேயே விட்டு விட்டு ஏற்றினான். ஒரே ஒரு இடத்தில்தான் சக்கரம் வழுக்கியது. 9.38க்கு மேல் ரோட்டில் நின்றோம். முந்நூறு மீட்டருக்கு நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

பசறை ஆஸ்பத்திரிக்கு 10.09. ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, அவர்களுடைய ஆம்புலன்ஸில் பதுளைக்கு அனுப்பினார்கள். 11.20க்குப் பதுளை. அன்று மாலையே அம்மாவின் சிறுநீர் தேநீர்ச் சாயம் மாதிரி போனது. குளவி விஷம் சிறுநீரகத்தில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். எத்தனை மணிக்குக் கொட்டியது, எத்தனை மணிக்கு முதல் ஊசி போட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். முன்னாடியே வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று அண்ணன் கேட்டதற்கு, அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நேரம் முக்கியம் என்றார். சிறுநீரகம் சில மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இன்றுவரை திரும்பவில்லை.

கேட்டவர்களுக்காக, அதன் பிறகு நாங்கள் செய்த மாற்றங்கள். முதலில் டயர். அகலமானதைக் கழற்றிவிட்டு, பழைய அளவில் ஆழமான கோடு உள்ளதைப் போட்டோம், ஒன்று 19,500 ரூபாய். பணம் குறைவாக இருந்தால் முன்னால் இரண்டை மட்டும் மாற்றாதீர்கள், இறக்கத்தில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது, வண்டியின் உயரத்தைப் பழையபடி ஏற்றினோம். தாழ்ந்த வண்டி குழியில் இறங்கினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், அந்தரத்தில் நிற்கிற சக்கரம் எல்லாப் பலத்தையும் வீணாகச் சுற்றியே தீர்த்துவிடும். அதற்காகத்தான் மூன்றாவது: பெரிய டர்போவை விற்று, கொழும்பில் பழைய சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் ஒரு லிமிட்டெட் ஸ்லிப் வாங்கிப் போட்டான் அண்ணன். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றச் சக்கரத்துக்கும் பலம் போகும். இப்போது டவுனில் யாரும் எங்கள் காரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மேட்டை ஏறிவிடுகிறது. மழை கூடுதலான நாளில் இன்னமும் ரிவர்ஸில்தான் ஏற்றுகிறோம், டிக்கியில் ஒன்றும் வைப்பதில்லை. காலை 5.45க்குப் புறப்பட்டால் 7.15க்குப் பதுளையில் இருக்கலாம். போய்வர ஆறு லீட்டர் பெட்ரோல்.

கங்காணி மாமா இந்தக் கதையைக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் எல்லோருக்கும் சொல்கிறார். அந்தப் புள்ள மூளையால்தான் தாய் பிழைத்தாள் என்கிறார். கடைக்குப் போனால் அம்மாவைக் காப்பாற்றிய பிள்ளை என்று சொல்லிச் சிலர் காசு வாங்குவதில்லை. நல்லவேளை, அந்த நேரத்தில் உனக்கு அது தோன்றியதே என்று அண்ணனும் என்னிடம் சொல்வான். அந்த நேரத்தில் தோன்றியது இல்லை. அதற்கு அரை மணி நேரம் முன்பே தெரியும்.

போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா குழாயைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

"இல்லம்மா."

"சொல்லிரு. தன் காராலதான் இப்பிடி ஆச்சுன்னு அவன் இருக்கான்."

என்மேல் கோபமா என்று கேட்க வாய் வரவில்லை.

நேரில் சொல்ல முடியாது என்பதால் இந்தப் பதிவை எழுதினேன். நேற்று கராஜிலிருந்து வந்த அண்ணனிடம் போனைக் கொடுத்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியபடி வாசித்தான். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, மேலே போய்த் திரும்ப வாசித்தான். முடித்ததும் போனைத் துணியில் துடைத்து என்னிடம் தந்தான்.

"காத்து விஷயம் எழுதலையே. மண்ணு ரோட்டுக்கு இருபத்தாறு வைக்கணும், அதுக்குக் கீழ எறக்கக் கூடாதுன்னு போடு."

மண் ரோட்டுக்கு டயரில் காற்று 26 வையுங்கள். அதற்குக் கீழே இறக்காதீர்கள். அண்ணன் சொன்னது அவ்வளவுதான்.