நான்கு சதவீதம்

“…இது அணைஞ்சு கெடக்குற நேரத்துல மவன் கூப்பிட்டான்னா? ஒருக்கா எடுக்கலைன்னா மறுபடி கூப்பிடுவானாம்மா?” என்றார் பாய். லேப்டாப் திரையில் பேட்டரி நான்கு சதவீதம் என்று காட்டியது.

காலையில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூருக்கு, என் ரிப்பேர் கடைக்கு, மகனுடைய பழைய லேப்டாப்போடு வந்திருந்தார். உட்காருவதற்கு முன்பே பிளக் எங்கே என்று கேட்டார். பஸ்ஸில் வந்த நேரம் அது அணைந்து கிடந்ததே அவருக்குப் பொறுக்கவில்லை.

மகன் வளைகுடாவில் வேலையில் இருக்கிறான். ஏழு மாதமாகப் பேச்சில்லை. அவனுடைய போன் எண்ணும் போகவில்லை. கடைசியாகப் பேசியபோது, “லேப்டாப்பை மட்டும் அணைச்சுடாதீங்க அத்தா, இதுலயே கூப்பிடறேன்” என்றானாம். அன்றிலிருந்து இவர் சார்ஜரைக் கழற்றவே இல்லை.

“இப்ப கரண்ட் போனா இவனும் கொஞ்ச நேரத்துலயே போயிடறான். முன்னல்லாம் ரெண்டு மணி நேரம் தாங்குவான்” என்றார். ‘இவன்’ என்றது லேப்டாப்பை.

எப்போதும் சார்ஜிலேயே வைத்திருந்ததால்தான் பேட்டரி கெட்டது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கணக்கே அதற்குள் பிசகியிருந்தால், அதைச் சரிசெய்து பார்க்கலாம். முழுக்க ஏற்றி, தானாக அணையும்வரை ஓடவிட்டு, சில மணி நேரம் சும்மா போட்டு, பிறகு ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும் என்று அவரிடம் விளக்கினேன். இந்த மாடலுக்குப் புது பேட்டரியும் எங்கும் கிடைக்கவில்லை.

“நோன்பு வைக்கச் சொல்றீங்க.”

“ஆமா பாய். சாயங்காலம் தொறந்துக்கலாம்.”

“எனக்கு முப்பது நோன்பும் பழக்கம். இவனுக்கு இதான் மொத நோன்பு, பாவம்” என்று சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தார்.

அதுவரை மகன் கூப்பிடும் அக்கவுண்டை என் போனில் திறந்து வைக்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். பாஸ்வேர்டு மகனுக்குத்தான் தெரியுமாம். லேப்டாப்பில் அவன் திறந்து வைத்துவிட்டுப் போனதோடு சரி.

முழுக்க ஏற்றிச் சார்ஜரைக் கழற்றினேன். எண்கள் இறங்க இறங்க அவருடைய பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. பத்துக்குக் கீழே வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான்கு வந்தபோதுதான், மவன் கூப்பிட்டான்னா என்று கேட்டார்.

கூப்பிட மாட்டான் என்று சொல்ல மனம் வரவில்லை. கூப்பிடுவான் என்று சொல்லவும் நான் யார்?

“இன்னும் கொஞ்ச நேரந்தான் பாய். இப்ப சார்ஜ் போட்டா இவ்வளவு நேரம் செஞ்சது வீணாயிடும்” என்றேன்.

மூன்று ஆனது.

அவர் எழுந்து சார்ஜர் ஒயரை எடுத்துத் தானே சொருகினார். என் கடை சுவிட்ச் போர்டில் பிளக் ஆடும். அதை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தார்.