மூன்று மாடுகளும் என் களிமண்ணும்

இலங்கையில் சண்டைக் காலம். பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, பைகளைத் திறந்து பார்ப்பார்கள். என் பையில் எப்போதும் களிமண்தான். எதற்கென்று கேட்ட சிப்பாயிடம், சோளம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கத்தான் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் முழித்த முழியை நினைத்து உக்குவளையில் இருந்த என் வீடு வரைக்கும் சிரித்தேன்.

சொன்னது உண்மைதான். காபன் அணுக்களில் பாரமானதும் உண்டு, இலேசானதும் உண்டு; சமதானிகள் என்போம். நெல்லைவிடச் சோளத்தில் பாரமானது கொஞ்சம் கூடுதல்; மண்ணில் அதை அளந்தால் எந்தப் பயிரிலிருந்து வந்த காபன் என்று தெரிந்துவிடும். வில்கமுவவில் ஒரு சிங்கள விவசாயி தம் வயலில் இரண்டு துண்டுகளை எனக்கு ஒதுக்கியிருந்தார். ஒன்றில் சோளம், மற்றதில் வழக்கம்போல நெல். சோளத்தின் காபன் களிமண்ணில் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை நெல் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். என் பட்டமே அதில்தான் இருந்தது.

மண்ணை வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினேன்; முடிவும் வந்தது. நெல் துண்டின் மேல்மண்ணிலும் சோளத்தின் காபன்!

"ஒரே குழியில ரெண்டு பையையும் நெரப்பிட்டீங்க," என்றார் என் ஆய்வை மேற்பார்த்த பேராசிரியர். "இந்த வேலைய வேற ஆளுக்குக் குடுக்கப் போறேன்."

கோபத்தில் எனக்குக் காது சுட்டது. வெயிலில் இரண்டு குழிகளையும் என் கையால் தோண்டியவள் நான். மறுநாளே வில்கமுவவுக்கு பஸ் ஏறினேன்.

விவசாயி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். நான் மண் எடுக்க வருமுன் நெல் துண்டில் என்ன செய்தார் என்று கேட்டேன்.

"அறுப்பு முடிஞ்சு நெல் துண்டு சும்மா கெடந்துச்சு மிஸ். சாணி விழட்டுமேன்னு மூணு மாட்டையும் அங்கதான் கட்டினேன். ஒங்க மண்ணாச்சே, நல்லா கொத்திப் பொரட்டியும் விட்டேன்."

"மாட்டுக்கு என்ன போட்டீங்க?"

"வேறென்ன, ஒங்க சோளத்தட்டைதான்."

அறுத்த வயலில் மாடு கட்டுவது அங்கே எல்லோரும் செய்வது. அதைச் சொல்ல வேண்டுமென்று அவருக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை. வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். நான் பொய்க்காரி இல்லை! எங்கேயோ இருந்த இயந்திரம் வில்கமுவ மாடுகள் தின்றதைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறது! எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து, அவர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

நடந்ததைக் கேட்ட பேராசிரியரும் நாற்காலி குலுங்கச் சிரித்தார். பிறகு எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்.

"ஆனா ஒரு வருஷம் வீணாப் போச்சே. மறுபடி மொதல்ல இருந்து தோண்டணும். செய்வீங்களா?"

"மண்வெட்டிய வயல்லயே வச்சிட்டுத்தான் வந்தேன், சார்," என்றேன்.