சிதா

எண்பதுகளின் கடைசியில், தட்டாஞ்சாவடி பட்டறையில் என் கை நசுங்கியபோது, யாருடைய ரத்தத்தையோ எனக்கு ஏற்றினார்கள். மறுவருஷம், ரத்தம் வழியாக எய்ட்ஸ் வரும் என்று பேப்பரில் படித்ததும் சோதனைக்குப் போனேன்.

"சந்தேகமா இருக்கு. மெட்ராசுக்கு அனுப்பி வேற டெஸ்ட்டு பாத்தாத்தான் தெரியும், மூணு வாரம் ஆவும்" என்று லேப்காரர் மறுபடி ரத்தம் எடுத்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு சொல்தாவிடம் மட்டும் சொன்னேன். பிரெஞ்சில் அந்த நோய்க்கு 'சிதா' என்று பெயர். மறுநாள் என் வாசலில் நின்று, "சிதா விஷயம் என்னாச்சுப்பா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

உள்ளேயிருந்து வந்த மனைவி என் சட்டையைப் பிடித்தாள். "யாருய்யா அந்த சீதா?"

எனக்கோ அப்படி ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.