முதல் குழாய் உங்கள் ஊருக்குத்தான்

திருப்பதிக்குக் குடிவந்த புதிதில் குளிப்பதே எனக்கு விநோதமாக இருந்தது. தொட்டதும் சோப்பு நுரைத்தது. திருவள்ளூர்க் கடற்கரையில் எங்கள் குப்பத்துக் கிணறுகள் உப்பாகி வெகுகாலம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே வந்தபோது, முதல் குழாய் உங்கள் ஊருக்குத்தான் என்று அதன் மேலாளர் கூட்டம் போட்டுச் சொன்னார். குழாய் எங்களைத் தாண்டி நகரத்துக்குப் போனது. ஆலை கழித்த அடர்ந்த உப்புநீர் மட்டும் எங்கள் கரையில் விழுந்தது. கரைமீன் விலகியது. ஒரு கோடையில் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, குடத்தோடு ஆலை வாசலில் நின்றார். அந்த மேலாளர் அவர் முகத்துக்கு நேரே கேட்டைச் சாத்தச் சொன்னார். அதை நான் மன்னிக்கவில்லை.

இங்கே தெலுங்கு கற்று, மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தேன். போன மாதம் இந்த மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கடலோரக் குப்பம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். புதிய ஆலைக்குச் சம்மதம் கேட்கும் கூட்டம். காரிலிருந்து இறங்கியவர் அதே மேலாளர். தலை நரைத்திருந்தது, வாக்குறுதி நரைக்கவில்லை. அவர் சொன்னதை ஒரு சொல் திரிக்காமல் தெலுங்கில் சொன்னேன். பிறகு, இதையே எங்கள் ஊரிலும் சொன்னார் என்று என் கணக்கில் சேர்த்து, நடந்ததெல்லாம் சொன்னேன். தெலுங்கு தெரியாத அவர் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மீன் விற்கும் பெண் ஒருத்தி எழுந்தாள். "உப்பு நீளு எக்கட போஸ்தாரு?"

"கழிவு உப்புத்தண்ணிய எங்க வுடுவீங்கன்னு கேக்கறாங்க சார்."

"கடல் பெருசும்மா. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். கூட்டம் எழுந்து போய்விட்டது. ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை.

திரும்பும் வழியில் அவர், தெலுங்குக்காரர்கள் முரடர்கள் என்று அலுத்துக்கொண்டு, என் தமிழைப் பாராட்டினார். எங்கே கற்றேனாம்.

"நீங்க எங்க நைனா மூஞ்சிமேல கேட்ட சாத்துன ஊர்ல சார்."

"எந்த ஊரு?" என்றார். நடிக்கவில்லை, நிஜமாகவே நினைவில்லை. என் வெற்றியில் பாதியை அந்தக் கேள்வி தின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து நைனாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் கரையில மீன் கீதா?" என்றார். நிறைய இருக்கிறது என்றேன்.

"நாம போனா வுடமாட்டாங்கம்மா. போட்டப் புடிச்சி வெச்சிக்குவாங்க."

உண்மைதான். எல்லை தாண்டி மீன்பிடிக்க வரும் தமிழகப் படகுகளை இந்தக் கரைக்காரர்கள் பிடித்து வைப்பதுண்டு. கிளம்பும்போது அந்த மீன்காரி என் மடியில் ஒரு பை நண்டைத் திணித்து அக்கா என்று அழைத்திருந்தாள். நாளை நைனாவின் படகு எல்லை தாண்டி வந்தால், கயிறு போட்டு இழுக்கும் கூட்டத்தில் அவளும் நிற்பாள். நான் எந்தப் பக்கத்துக் கயிற்றைப் பிடிப்பேன்?