ஈனிட் தோண்டிய கிழங்குகள்

சுனாமியில் மட்டக்களப்பு டச்பார் கடற்கரை வீட்டையும் கணவர் ஹோரேஸையும் பறிகொடுத்த ஈனிட், புளியந்தீவில் அண்ணன் டெரிக்கின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். முதல் வருடம் முழுக்க யாரோடும் அதிகம் பேசவில்லை. நுவரெலியாவில் இருந்த தங்கை எறிக்கா காலா லில்லிக் கிழங்குகள் கொஞ்சம் அனுப்பிவைத்தாள்.

"மட்டக்களப்பு வெயிலுக்கு இது வராது," என்றார் டெரிக்.

ஈனிட் அவற்றை வேலியோரம் மாமர நிழலில் நட்டாள். மிச்சத்தைத் தொட்டிகளில் வைத்து, வெயில் படாத சன்னலுக்குக் கீழே வீட்டுக்குள் வளர்த்தாள். மாரி முடிய, புனல்போலச் சுருண்ட வெள்ளைப் பூக்கள் வந்தன. அவள் மறுபடி பேசத் தொடங்கியதும் அப்போதுதான்.

2007இல் தென்மேற்கிலிருந்து வெக்கையான கச்சான் காற்று வீச இலைகள் பழுத்தன. அந்தக் காலத்தில் கிழங்குக்கு ஓய்வு வேண்டும். தொட்டிகளைக் காயவிட்டுவிட்டு, வேலியோரத்துக் கிழங்குகளைத் தோண்டி, உலர்மணல் போட்ட பெட்டியில் அடுக்கினாள். வேலியோரம் முழுக்கக் குழிகள். யுத்தம் நடந்த அந்த நாட்களில் புதிதாகத் தோண்டிய மண்ணை யாரும் சும்மா பார்ப்பதில்லை; ஆயுதம் புதைத்ததாகச் சந்தேகிப்பார்கள்.

அன்று பின்னேரம், ஊருக்குள் முகாம் போட்டிருந்த ஆயுதக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இடுப்பில் ஆயுதம் இருந்தது.

"அன்ரி, என்னத்தத் தாட்டு வெச்சிருக்கிறீங்க?"

"ஒண்டையும் தாட்டு வெக்கல்ல தம்பி. பூக்கிழங்கு எடுத்தன்."

"பூவுக்கு இவ்வளவு கிடங்கா?" என்று குழிகளைக் காட்டிக் கேட்டான் ஒருவன்.

டெரிக்கை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள்.

மறுநாள் காலை ஈனிட் பெட்டியைச் சுமந்துகொண்டு அவர்களுடைய முகாமுக்குப் போனாள். முதல்நாள் கேள்வி கேட்டவன் ஒவ்வொரு கிழங்காக எடுத்துக் கத்தியால் பிளந்தான்.

"கிழங்குப் பால் பட்டாக் கை கடிச்சு எரியும் தம்பி," என்றாள் ஈனிட்.

அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தான். சுவருக்கு அப்பால் டெரிக்கின் இருமல் கேட்டது. கடைசிக் கிழங்கையும் அவன் பிளக்கும்வரை அவள் அசையவில்லை.

ஒரு கிழமை கழித்து டெரிக்கை விட்டார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு வலது காது கேட்கவில்லை. குழிகளைத் தானே கல் போட்டு மூடினார். ஈனிட் அதன்பின் தோட்டத்தில் எதையும் நடவில்லை; தொட்டிகள் மட்டும் வீட்டுக்குள் இருந்தன.

யுத்தம் முடிந்து அடுத்த தை மாதம், வாசலில் புது வான் ஒன்று நின்றது. இறங்கியவன், அன்று கிழங்குகளைப் பிளந்த அவனேதான். சலவைச் சட்டை போட்டிருந்தான்; உள்ளே பூத்திருந்த தொட்டிகளைக் காட்டினான்.

"தங்கச்சிட கலியாணம் அன்ரி. இந்த வெள்ளைப் பூ தருவீங்களா?"

டெரிக்கின் அறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. ஈனிட் விரிந்திருந்ததை எல்லாம் வெட்டிக் கொடுத்தாள்.

"அங்கிள் சுகமா?"

"ஓம்."

"சரி, பிறகு வாறன்."

சொன்னபடியே வந்தான். பூ இல்லாத மாதங்களிலும் வந்தான். உள்ளே உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, தொட்டிகளைப் பார்த்துவிட்டுப் போவான். வர வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை.