முப்பது யூனிட்

கோவளம் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ நிரம்ப இன்னும் மூன்று பேர் வேண்டும். அதற்குள் சாலமோன் சட்டையின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்றி, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து இன்சுலினைக் குத்திக்கொள்வார். ஏறுகிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், "இதுல இன்னா கீது? முப்பது யூனிட்டு. பதினோரு வருசமா கூட்டினதும் இல்ல, கொறச்சதும் இல்ல" என்பார். பிறகு நாலு இட்லி. சட்னி பட்ட விரலைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு கேளம்பாக்கத்துக்கு வண்டியை எடுப்பார்.

ஐம்பத்து நாலாவது வயதில்தான் அவர் ஈரலில் ஹெபடைட்டிஸ் சி கிருமி இருப்பது தெரிந்தது. எந்தக் காலத்து ஊசியில் வந்ததோ. பன்னிரண்டு வாரம் மாத்திரை போட்டால் போய்விடும் என்ற டாக்டர், இன்னொன்றும் சொன்னார்: "கிருமி குறையக் குறைய சர்க்கரையும் இறங்கும். அடிக்கடி டெஸ்ட் எடுங்க. இன்சுலின் டாக்டர்கிட்ட சொல்லி அளவைக் குறைக்கணும்."

சாலமோன் டெஸ்டும் எடுக்கவில்லை, இன்சுலின் டாக்டரிடமும் போகவில்லை. நாலாவது வாரம் கை நடுங்கியது. மாத்திரைச் சூடு என்றார். ஆறாவது வாரம் ஸ்டாண்டில் நின்றபடியே சட்டை முழுக்க வேர்த்தது. மனைவி சுஜாதா, "ஒரு தபா ரத்தம் பாத்துட்டு வாயேன்" என்றாள்.

"எறங்குனா நல்லதுதான? சும்மா பேஜார் பண்ணாத."

ஒன்பதாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை. அதே முப்பது யூனிட், அதே நாலு இட்லி. ஓரத்து இருக்கையில் அன்னக்கூடையோடு மீன்காரி வேண்டா. ஊரைத் தாண்டியதும் எதிரே வந்த பஸ் அவருக்கு இரண்டாகத் தெரிந்தது. "அண்ணாத்த, வண்டி எங்க போவுது?" என்று வேண்டா கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. ஆட்டோ மைல்கல்லில் மோதிக் கவிழ்ந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு எழுந்துகொண்டார்கள். வேண்டாவின் வலது கால் வண்டிக்கு அடியில் கிடந்தது.

"காலைலயே குடிச்சிட்டு ஓட்றான்" என்று யாரோ அறைந்தார்கள். அது வலித்ததாகக்கூட அவருக்கு நினைவில்லை. ஆம்புலன்ஸ்காரர் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை முப்பத்தெட்டு; எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து.

இப்போது பன்னிரண்டு யூனிட்தான். வண்டியை அவர் தொடுவதில்லை. நாவலூரில் ஒரு குடியிருப்பு வாசலில் காவலுக்கு நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் வேண்டா வீட்டுக்குப் போய் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைக்கிறார். கம்பி வைத்த அவள் முழங்கால் மடங்குவதில்லை. கூடை தூக்கி விற்ற தெருக்களில் இப்போது வேறொருத்தி விற்கிறாள். வேண்டா அவரை ஒரு நாளும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று சுஜாதாவிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

போன வாரம் கடைசிப் பரிசோதனையின் முடிவு வந்தது. ரத்தத்தில் கிருமி இல்லை. சுஜாதா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வழக்கம்போல வேண்டா வீட்டுக்குப் போனார்.

குடத்தை இறக்கும்போது, கட்டிலில் கால் நீட்டியிருந்த வேண்டா கேட்டாள்: "உன் ஈரல் நோவு இன்னா ஆச்சு அண்ணாத்த? போயிடுச்சா?"

சாலமோன் சட்டைப் பையை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டார்.

"இன்னும் கீது" என்றார்.